துறைமுகத்துக்குக் கருத்துக் கேட்டபோது

நான் பிறந்த ஊருக்கும் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும் நடுவில் ஒரு பொழி மட்டும்தான். ஆறு கடலில் விழுகிற வாயை எங்கள் பக்கத்தில் பொழி என்போம். கிழக்கே அண்ணன் வீடு, மேற்கே என் கணவர் வீடு. வேனலில் பொழி மணல் மூடிக் கிடக்கும்போது நடந்தே போய்விடலாம். மழையில் உடைந்துவிட்டால் பாலம் சுற்றி பஸ்ஸில் போகவேண்டும். இரண்டு ஊரிலும் ஒரே வேதம், ஒரே தொழில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு. சண்டையும் உண்டு. அநேகமாக வலை சிக்கிக்கொண்டதற்கான சண்டை. பங்குச் சாமியார் கூப்பிட்டுப் பேசினால் தீர்ந்துவிடும்.

சுனாமியில் எங்கள் இரண்டு வீட்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. அதில் தப்பித்த என் தம்பி, பிறகு ஒரு ஆடி மாதத்தில் அந்தப் பொழிமுகத்தில் இறந்தான். தொழில் முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கரையில் நின்றவர்களுக்கு வள்ளத்தில் இருந்தவர்களின் முகம் தெரிகிற தூரம். பொழிமுகத்தில் மணல் திட்டுப் போட்டிருந்த இடத்தில் அலை எழும்பி வள்ளத்தைப் புரட்டியது. மற்றவர்கள் நீந்தி ஏறிவிட்டார்கள். தம்பி ஏறவில்லை. அண்ணனும் ஊர் ஆட்களும் கிழக்கே தேடிக்கொண்டிருக்க, அவன் மேற்கே எங்கள் ஊர்க் கரையில் ஒதுங்கினான். முதலில் பார்த்தது என் கணவர்தான். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மணலில் நடந்து வந்ததை நான் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று பக்கத்தில் வரும்வரை எனக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு அதற்குப் பிறகு ஒரே பேச்சுதான். துறைமுகம் வேண்டும். பொழியின் இரண்டு பக்கமும் கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் கட்டிவிட்டால் வள்ளங்கள் அலையில் மாட்டாமல் உள்ளே வந்துவிடும், இனி ஒரு வீட்டிலும் இப்படி அழுகை கேட்கக்கூடாது என்று சொன்னான். ஊர்க் கமிட்டியில் சேர்ந்தான். நாகர்கோவிலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுத்தான். அவன் தொழிலுக்குப் போகிற நாட்கள் குறைந்து, அவன் மனைவி, என் மைனி, மீன் விற்கப் போக ஆரம்பித்தாள். நான் அவனைக் குறை சொல்லவில்லை. நானும் வேனலில்கூடப் பொழி வழியாக நடக்காமல் பாலம் சுற்றியே போனேன்.

என் கணவருக்குக் கரைமடித் தொழில். வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் வரிசையாக நின்று இழுப்பார்கள். அதற்கு நீளமான மணற்கரை வேண்டும். எங்கள் ஊரில் அது இருந்தது. தெருவின் கடைசி வீட்டிலிருந்து அலை வரைக்கும் நடந்தால் வெயிலில் கால் சுட்டுவிடும், அவ்வளவு தூரம். துறைமுகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊர் ஆட்கள் பயந்தார்கள். கிழக்கே கல் போட்ட வேறு ஊர்களில் பக்கத்துக் கரை கரைந்துபோனதை அவர்கள் வள்ளத்தில் போகும்போது பார்த்திருக்கிறார்கள். என் கணவர் வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் என் தம்பியைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அறிவிப்பு வாசித்தார். துறைமுகத் திட்டம் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் புதுக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது, எல்லோரும் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லலாம், எதுவும் இன்னும் முடிவாகவில்லை என்றார். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் கோயிலில் இருந்தவர்களுக்கு ஒரு தெம்பு வந்தது. கேட்கிறார்களே, கேட்பதென்றால் நாம் சொல்வதற்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

திட்ட அறிக்கை இங்கிலீஷில் தலையணை கனத்துக்கு இருந்தது. தமிழில் சில பக்கச் சுருக்கம் மட்டும். அப்போது நான் சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் தையல் வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ வரை படித்தவள் என்பதால் பெண்கள் அந்தச் சுருக்கத்தை என்னிடம் கொண்டு வந்தார்கள். மிஷின்களை நிறுத்திவிட்டு வாசித்தேன். அருகிலுள்ள கரைப்பகுதிகளில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதும் ஏற்படாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியிலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "நமக்க வீடு போனா அதைக் குறிப்பிடுவினுமா, மாட்டினுமா?" சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் எங்களைத் தேடி வந்தான். தம்பி இறந்த பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது குறைவு. பால் விடாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். என் கணவர் வலையில் கிழிசல் பொத்துகிற சாக்கில் வெளியே போய்விட்டார். அண்ணன் சொன்னான்:

"ஏட்டி, மச்சான்கிட்ட சொல்லு. நாளைக்கு அங்க வந்து பேசாண்டாம்."

"அவரு ஊருக்காகப் பேசப் போறாரு அண்ணா. வேண்டாம்ணு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"நமக்கத் தம்பி செத்தது இந்த ஊருக்க கண்ணு முன்னாலதானே."

"அவனத் தோளுல தூக்கிட்டு வந்ததும் இவருதான்."

அவன், "அதுதான் சொல்லுதேன். இனி அவரு யாரையும் தூக்காண்டாம்ணுதான் நான் இந்தப் பாடு படுதேன்" என்றான். சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

நான் கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் வந்த காரியம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். கல்யாணத்துக்கும் திருநாளுக்கும் போடுகிற சட்டை அது.

நாங்கள் வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தின் முன் வரிசைகள் நிறைந்துவிட்டன. கிழக்கூர்க்காரர்கள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். என் சித்தப்பா, மைனி, நான் படித்த பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லோரும் அந்தப் பக்கம் இருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், பிறகு யாரோ பக்கத்தில் சொன்னதும் இறக்கிக்கொண்டாள். நாங்கள் பின்னால் சாப்பாட்டுக் கூடத்து வாசல் அருகே உட்கார்ந்தோம். நடுவில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் மேசை போட்டு அதிகாரிகள் இருந்தார்கள். பின்னால் முந்தின கல்யாணத்துக்கு ஒட்டிய தெர்மோகோல் எழுத்துகளில் பாதி உரிக்கப்படாமல் இருந்தன.

வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் திரையில் படம் காட்டினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நிதானமாக விளக்கினார். ஆனால் பாதி இங்கிலீஷ். கடலுக்கு நீலமும் மண்ணுக்கு மஞ்சளும் போட்ட ஒரு படத்தில் பொழி நடுவில் இருந்தது, கிழக்கூர் முழுதாக இருந்தது. எங்கள் ஊர் படத்தின் ஓரத்தில் பாதி வந்து நின்றுவிட்டது. எங்கள் கோயில் தெரிந்தது, எங்கள் தெரு தெரியவில்லை.

பேச விரும்புகிறவர்கள் வரிசையில் வரவேண்டும் என்றார்கள். முதலில் கிழக்கூர்க் கமிட்டிக்காரர்கள் பேசினார்கள். பிறகு அண்ணன். அவன் மேடைப் பேச்சுக்காரன் இல்லை. தம்பியின் வள்ளம் எந்த இடத்தில் புரண்டது, கரையில் நின்றவர்களுக்கு அவன் சட்டை நிறம் தெரிந்தது, எஞ்சினின் சத்தம் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது என்று சொன்னான். அந்தச் சத்தத்தைப் பற்றி அவன் வீட்டில் எங்களிடம் சொன்னதே இல்லை. மண்டபத்தில் எங்கள் ஊர்ப் பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு என் கணவர் முறை. மைக்கைப் பிடித்து நின்றார். கரைமடிக் கயிறு இழுக்கிறபோது ஊர் முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. அன்று வரவில்லை. அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் கணவர் அவனைப் பார்த்தார். "எங்க கரைக்கும் ஒரு வழி பாக்கணும் சார்" என்றார். அவ்வளவுதான். மேசையில் இருந்த அதிகாரி, வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். இவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தார். எங்கள் ஊர் ஆட்கள் முணுமுணுத்தார்கள். நாலு வார்த்தை பேசத் தெரியாதவரை ஏன் அனுப்பினோம் என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

நான் பேசுவதாக இல்லை. எழுந்து போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மைக் உயரமாக இருந்தது, யாரோ தாழ்த்திக் கொடுத்தார்கள். நான் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் பிறகு அதைப் பலமுறை பலரிடம் சொல்லவேண்டி வந்தது.

"செத்துப்போனவன் எனக்கத் தம்பியும்தான். ஹார்பர் வேண்டாம்ணு நான் சொல்ல மாட்டேன். என்னால சொல்ல ஒக்காது. ஆனா நான் வாழப்போன ஊரு கடலுக்குள்ள போயிடக்கூடாது. அதுக்கு என்ன செய்யப் போறீங்கண்ணு மொதல்ல சொல்லுங்க. சொல்லிட்டுக் கல்லு போடுங்க."

அதிகாரி, உங்கள் கருத்து பதிவு செய்யப்படுகிறது என்றார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். நான் இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் சத்தம் கிளம்பிவிட்டது. கட்டிக்கொடுத்த இடத்துக்குப் பேசுகிறாள் என்று நான் பிறந்த கிழக்கூர்க்காரர்கள் கத்தினார்கள். வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று எங்கள் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு நாற்காலி உடைந்தது. போலீஸ் நடுவில் வந்தது. நேரம் முடிந்துவிட்டது, மீதிப் பேர் எழுதிக் கொடுக்கலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள். வாசலில் எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் அதை வாங்கிக்கொண்டு அவரவர் வேன் நிழலில் நின்று சாப்பிட்டார்கள். என் கணவர் தன் பொட்டலத்தை டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்துச் சாமியார் நாகர்கோவிலில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்க் கூட்ட நடவடிக்கையை வாசித்துவிட்டு வந்தார். பெரும்பாலானோர் திட்டத்தை ஆதரித்தார்கள் என்று இருக்கிறதாம். என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பெண்மணி ஒருவர் தம் சகோதரரின் மரணத்தைச் சுட்டிக்காட்டித் துறைமுகத்தின் தேவையை எடுத்துரைத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். என் கணவர் சொன்னது அதில் இல்லை.

நான் சாமியாரிடம், நான் சொன்னது அதுவல்லவே என்றேன். அவருக்கும் தெரியும், அவரும் அங்கே இருந்தார். திருத்தம் கேட்டு எழுதினோம். பதில் வரவில்லை. ஆனால் அந்த வரி எங்கள் ஊரில் பரவிவிட்டது. தையல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வராமல் நின்றார்கள். சண்டை போடவில்லை, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி நின்றார்கள். கிழக்கூரிலும் எனக்கு இடம் இல்லை. தம்பியின் ஆண்டுத் திதிப் பூசைக்குப் போனபோது சொந்தக்காரர்கள் என்னிடம் பேசாமல் நகர்ந்துபோனார்கள். மைனி மட்டும் சோறு போட்டாள்.

வேலை ஆரம்பித்தது. மலைப்பக்கத்திலிருந்து லாரி லாரியாகக் கல் வந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஓடு லாரி போகும்போதெல்லாம் அதிரும். சுவர் கடலுக்குள் நீண்டுகொண்டே போனது. வேலை முடிந்த வருஷம் அண்ணன் ஊரில் அதிர்வேட்டுப் போட்டார்கள். அன்று சத்தம் கேட்டு என் கணவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

முதல் ஒன்றிரண்டு வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பயந்ததெல்லாம் வீண் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு ஆனி மாதம் கடல் ஏறி வந்தது, எடுத்த மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போடவில்லை. வழக்கமாகப் புரட்டாசிக்கு மேல் கரை மறுபடி விரிந்துவிடும். அந்த வருஷம் விரியவில்லை. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் போனது. கரைமடி இழுக்கிறவர்கள் நிற்க இடமில்லாமல் முட்டளவு தண்ணீரில் நின்று இழுத்தார்கள். அதற்கடுத்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். என் கணவர் வலையைப் பிரித்து, ஈயக்குண்டைத் தனியாக, கயிற்றைத் தனியாக விற்றார். பிறகு கேரளாப் பக்கம் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார். ஐம்பதை நெருங்குகிற வயதில் மணல் சுமக்கிற வேலை.

மறுபடி கருத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே. கரைக்குக் கல்சுவர் போடலாமா, எங்கே எவ்வளவு என்று ஆலோசனை. பழைய அதிகாரிகள் யாரும் இல்லை. வந்தவர்களுக்கு முதல் கூட்டத்தைப் பற்றித் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எழுந்து, எனக்க வீடு போயாச்சு, இனி நான் எந்த ஊருக்காகப் பேசணும் என்று கேட்டாள். அவளுடைய வீடு அதற்கு முந்தின மாதம்தான் விழுந்திருந்தது. குறித்துக்கொண்டார்கள். கல்சுவர் வந்தது. எங்கள் தெருவுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது. ஒதுக்கீடு அவ்வளவுதான் என்றார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் அடுக்களை போனது. பகல் நேரம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவரில் ஒரு கீறல் ஓடியது, அடுப்புத் திட்டு சத்தமில்லாமல் கீழே இறங்கியது. பாத்திரத்தோடு வெளியே ஓடி வந்தேன். என் கணவர் அன்று கொல்லத்தில் வேலையில் இருந்தார். யார் சொன்னார்களோ, அண்ணன் பாலம் சுற்றி ஆட்டோவில் வந்துவிட்டான். கட்டிலையும் தையல் மிஷினையும் பீரோவையும் வெளியே இழுத்துப் போட்டான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது. வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது சொன்னான்:

"பொழியில மறுபடியும் மணலு அடைக்குது ஏட்டி. போன வாரமும் ஒரு வள்ளம் புரண்டிச்சு. ரெண்டு பயக்க செத்தானுவ."

எனக்கு அது தெரியும். கோயில் மணி அடித்தது கேட்டிருந்தது. சுவர் கட்டியும் வாயில் மணல் சேர்கிறது, தோண்டினால் மறுபடி சேர்கிறது, சுவரை இன்னும் நீட்டவேண்டும் என்று அவனுடைய ஊரில் இப்போது கேட்கிறார்கள். நீட்டினால் எங்கள் பக்கம் மிச்சமிருப்பதும் போகும்.

"நீ என்ன சொல்லுதே அண்ணா? நீட்டணும்ணா?"

"நான் இப்பம் ஒண்ணும் சொல்லுததில்ல" என்றான். "கமிட்டிய விட்டு வந்தாச்சு. பயக்க சாவுதானுவ, நீட்டாண்டாம்ணு சொல்ல வாய் வரல்ல. நீட்டணும்ணு சொன்னா இஞ்ச ஒனக்க வீட்டப் பாக்கணும்."

அவன் வீட்டுக்கு வந்து தங்கச் சொன்னான். கிழக்கூரில் போய் உட்கார என் கணவர் ஒப்பமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை. எங்களுக்குள் கோபம் என்று எதுவும் மிச்சமில்லை. கோபம் இருந்தபோதாவது ஒருவருக்கு மற்றவரிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது.

இப்போது நாங்கள் உள்ளே ரோட்டோரம் வாடகை வீட்டில் இருக்கிறோம். மண் மேடு, சுற்றிலும் ரப்பர் மரங்கள். காற்று அடிக்காது. என் கணவர் ஊருக்கு வரும் நாட்களில் பகலெல்லாம் தூங்குவார். தொழிலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எழுந்து குளிக்கப் போய்விடுவார். நான் வீட்டிலேயே துணி தைக்கிறேன். இங்குள்ளவர்களுக்கு எங்களைக் கடல்புறத்துக்காரர்கள் என்று தெரியும், அதற்கு மேல் கேட்கமாட்டார்கள்.

போன மாதம் கோயில் காரியமாக ஊருக்குப் போயிருந்தேன். சாமியார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மைக் கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வந்தது. பொழிமுகச் சுவரை நீட்டுவது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம், ஊர் மக்கள் திரளாக வரவேண்டும் என்று ஒரு பெண்குரல் பதிவு ஓடியது. அழைக்கப்பட்ட தெருக்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னது. எங்கள் தெருப் பெயரும் வந்தது. அங்கே வீடு ஒன்றும் இல்லை, தண்ணீர்தான். ஆட்டோக்காரர் வெளியூர் ஆள் போலிருக்கிறது. அந்தத் தெருவுக்கு எப்படிப் போகவேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

நேராகப் போனால் வழி முடிந்துவிடும், திருப்பிக்கொள்ள இடம் இருக்காது, இங்கேயே திருப்பிவிடுங்கள் என்றேன். திருப்பிக்கொண்டு போனார். கூட்டத்துக்கு நான் போகவில்லை. யார் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று அண்ணனிடமும் கேட்கவில்லை.